வாதமும் தொனியும்
(அலவத்துகொடயில் நடைபெற்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மொழி பயிலும் மாணவராகிய நாம் இன்று சில சொற்களைப் பற்றிப் பேச முற்படுகின்றோம். பக்கம், ஏது, திட்டாந்தம், தொனி, பரபக்கம் என்பன அவை. இவை பரீட்சைக்கு மட்டும் உரியன அல்ல என்பதைச் சென்ற ஆண்டு பட்டறிந்தோம்.

திருவிழாப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு தோட்டப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த வேண்டுமென அன்று கேட்டோம். கேட்டது நியாயமே. கேட்ட விதமோ? "உங்களுக்குக் கல்வியின் அருமை தெரியாது" என்றோம். பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளிலிட்டு எழுந்து போனார். கூட்டம் கலைந்தது, வகுப்பும் தொடங்கவில்லை.

பேச்சு பலிப்பதற்கு மூன்று வேண்டும் என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில்: பேசுவோனது நன்மதிப்பு, கேட்போரது உள்ளம், நியாயத்தின் வலிமை. மிஷன் பாடசாலையில் நாம் கற்ற பாடம் இது. கற்றும் அன்று முன்னிரண்டையும் கைவிட்டோம். ஆறுமுக நாவலரும் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த பாடசாலையில் பயின்றவரே. அவர் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கியபோது, கற்றதைத் தம் சபைக்கு ஏற்றதாக்கிக் கொண்டார். நாமோ சபையை மறந்தோம்.

வாத நூல் மேனாட்டார்க்கே உரியதென எண்ண வேண்டா. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் வாதத்தின் உறுப்புகளை விளக்குகின்றார். பக்கம் என்பது நிறுவ விரும்பும் கூற்று, ஏது அதற்குரிய காரணம், திட்டாந்தம் எடுத்துக்காட்டு. மாலை வகுப்பு வேண்டும் என்பது பக்கம். லயத்தில் பாடஞ் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பது ஏது. ஒரே விளக்கடியில் கூடிப் படித்துத் தேறிய நம் நண்பர் மூவர் திட்டாந்தம். "உங்களுக்குத் தெரியாது" என்பதோ இவற்றுள் எதுவுமன்று, அது வசை.

இனித் தொனி. "நீங்கள் பெரியவர்கள்" என்பதை வணங்கியும் சொல்லலாம், இகழ்ந்தும் சொல்லலாம். சொல் மாறவில்லை, பொருள் தலைகீழாகின்றது. சொல்லைத் திருத்துமுன் குரலைத் திருத்த வேண்டும்.

கடைசிச் சொல் பரபக்கம். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் பிறர் கொள்கைகளைப் பரபக்கத்தில் எடுத்துக் கூறி மறுத்த பின்னரே, சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவுகின்றார். நாமோ பிறர் பக்கத்தைக் கேட்கவே இல்லை. அண்மையில் அப்பெரியவரின் வீடு சென்று கேட்டோம். "தம்பி, தோட்டம் விட்டுத் தோட்டம் போன சொந்தங்கள் எல்லாம் வருஷத்தில் ஒருமுறை கூடுவது திருவிழாவில்தான். அதைக் குறைத்தால் யார் முகத்தை யார் பார்ப்பது?" என்றார். அதற்கு எம்மிடம் மறுப்பில்லை. மறுக்க மனமும் இல்லை.

ஆகவே இன்று வேறொன்று கேட்கின்றோம். திருவிழாப் பணம் திருவிழாவுக்கே இருக்கட்டும். வாரத்தில் இரு மாலைகள் இம்மண்டபத்தைத் திறந்து தாருங்கள். ஊதியமின்றி நாமே கற்பிப்போம். அப்பெரியவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். சென்ற ஆண்டின் சொல்லுக்காக அவரிடம் இச்சபையறிய மன்னிப்பு வேண்டி, விடையை உங்கள் கையில் விட்டு அமர்கின்றோம்.