அம்மா பயந்ததும் பாட்டில் வெடித்ததும்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க: "வீட்டுலயே சைடர் போடுறீங்களே, விஷமாயிடாதா?" இதை முதல்ல கேட்டது எங்க அம்மா.

நான் இருக்கிறது இங்கிலாந்தில், பிரிஸ்டலில். 2024 அக்டோபரில், பக்கத்து வீட்டுப் பெரியவர் தோட்டத்தில் காய்ச்ச ஆப்பிளை மூட்டையாகக் கொடுத்தார். அரைத்துப் பிழிந்து, ஒரு கண்ணாடி ஜாடியில் நாலரை லிட்டர் சாறு ஊற்றி, ஈஸ்ட் போட்டு, வாயில் ஏர்லாக்கைச் சொருகினேன். ஏர்லாக் என்பது தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாய். உள்ளே இருக்கிற வாயு குமிழி குமிழியாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. பெருமையாக வீடியோ காலில் காட்டினேன்.

"ஏன்டா, கள்ளக்குறிச்சியில அத்தனை பேர் செத்தது அதுக்குள்ள மறந்துபோச்சா?" என்றார் அம்மா.

அந்தப் பயம் நியாயமானது. அந்த ஜூனில்தான் அங்கே அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ஆனால் அவர்களைக் கொன்றது, சாராயத்தில் கலந்த மெத்தனால் என்ற தொழிற்சாலை ரசாயனம். பழச்சாறு புளிக்கும்போதும் துளியளவு மெத்தனால் உருவாகும். அந்த அளவு ஆளைக் கொல்லாது. நாம் எதையும் காய்ச்சி வடிப்பதில்லை. லைசென்ஸ் இல்லாமல் வடித்தால் இங்கேயும் குற்றம்தான். பீர் கதை வேற: 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மௌட்லிங், வீட்டில் பீர் போடுவதற்கான லைசென்ஸையே எடுத்துவிட்டார். சொந்த உபயோகத்துக்குப் போட்டுக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறவங்களுக்கு: அங்கே 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். கேளுங்க, செய்யாதீங்க.

சரி, விஷம் இல்லை. அப்போ ஆபத்தே இல்லையா? இருக்கு. அது எனக்கு ஏப்ரலில்தான் புரிந்தது.

டிசம்பரில் குமிழி நின்றுபோச்சு. புளித்து முடிந்துவிட்டது என்று நினைத்து, ஆறு பாட்டிலில் ஊற்றி, இறுக்கி மூடி, படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற அலமாரியில் வைத்தேன். ஹைட்ரோமீட்டர் வாங்கவில்லை. நூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிற புத்தி.

உண்மையில் புளிப்பு முடியவில்லை. குளிரில் ஈஸ்ட் தூங்கிப்போயிருந்தது, அவ்வளவுதான். சர்க்கரை மிச்சம் இருந்தது. ஈஸ்ட் தின்கிற சர்க்கரையில், எடைக்கணக்கில் கிட்டத்தட்ட பாதி மதுவாகும், பாதி கரியமில வாயுவாகும். பாட்டிலில் நுரை வருவதற்காக வழக்கமாகச் சேர்ப்பது லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரைதான். என் பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று எனக்கே தெரியாது.

ஏப்ரலில் வீடு சூடாச்சு. ஒரு ராத்திரி பதினோரு மணிக்குத் துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம். கதவைத் திறந்தால், அலமாரிப் பலகையில் கண்ணாடிச் சில்லு குத்தி நிற்கிறது. அரைமணி நேரம் முன்னாடிதான் என் ரூம்மேட் அதே அலமாரியில் குனிந்து பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். அன்னைக்கு ரெண்டு பேருமே தூங்கலை.

இன்னும் ஐந்து பாட்டில் உள்ளே. ராத்திரி முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிரவிட்டேன். காலையில் தடித்த கோட்டு, கையுறை, பைக் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றின் மேலும் கனமான துண்டைப் போர்த்தி மூடியைத் திறந்தேன். பாதி கூரைக்குப் போச்சு. மிச்சத்தை, புதுசாக வாங்கின ஹைட்ரோமீட்டரில் அளந்தேன்: 1.004. சைடர் வழக்கமாக 1.000, அதற்கும் கீழே வரை இறங்கும். அவ்வளவு பொங்கியும் இன்னும் சர்க்கரை பாக்கி!

அதனால் இந்த எபிசோடில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் இருந்தால் போதும்: குமிழியை நம்பாதீங்க, அளவை நம்புங்க. ஒரு வார இடைவெளியில் ரெண்டு தடவை அளந்து, ரெண்டும் ஒரே எண்ணாக இருந்து, அந்த எண் 1.000 பக்கம் வந்திருந்தால் மட்டும் பாட்டிலில் ஊற்றுங்க. அழுத்தம் தாங்குகிற பீர், ஷாம்பெயின் பாட்டில்தான் வேணும். ஜூஸ் பாட்டில், ஜாம் பாட்டில் வேண்டவே வேண்டாம்.

ஒரு மாசம் கழித்துத்தான் அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாங்க என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

அப்புறம் கேட்டாங்க: "இட்லி மாவு பொங்கும்னு பாத்திரத்துல பாதிதானேடா ஊத்தி வைப்பேன்? பொங்குறதைப் போய் யாராவது இறுக்கி மூடுவாங்களா?"

என்கிட்ட பதில் இல்லை. இந்த வருஷம் ஜாடி மறுபடி நுரைத்துக்கொண்டிருக்கு. பக்கத்திலேயே ஹைட்ரோமீட்டரும் இருக்கு. அடுத்த எபிசோடில் ஈஸ்ட் வகைகளைப் பற்றிப் பேசலாம்.