கற்பிப்பவனின் கணக்கு
(விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவன் நான். தொழிலின் பொருட்டுப் பல ஆண்டுகளாகப் புதுக்கோட்டையில் குடியிருக்கிறேன். இயந்திர வரைபட மென்பொருளையும், கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரங்களையும் கற்பிப்பது என் பணி. எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளம் பெறுபவன் அல்லேன். மாத்தூர்த் தொழிற்பேட்டை, விராலிமலை, அறந்தாங்கி என எங்கிருந்து அழைப்பு வருகிறதோ அங்கே சென்று, சில நாள் கற்பித்துத் திரும்புகிறேன். இதனை இன்று ‘ஃப்ரீலான்ஸ் டிரெய்னர்’ என்கிறார்கள். நம் பிள்ளைகள் பலர் இத்தொழிலை விரும்பத் தொடங்கியுள்ளனர். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கிய பிறகு, கல்லூரிகளில் திறன் பயிற்சி பற்றிய பேச்சு பெருகியிருக்கிறது. ஆகவே, இதன் இனிமையை மட்டுமன்றி இடர்களையும் சொல்வது என் கடமை.

தொடக்க காலத்தில் ஒரு கல்வி நிறுவனத்தார் ஐந்து நாள் பயிற்சிக்குத் தொலைபேசியில் அழைத்தனர். கட்டணமும் வாய்மொழியாகவே பேசப்பட்டது. சென்று பார்த்தால், ஆய்வகக் கணினிகளில் அந்த மென்பொருளே இயங்கவில்லை. முதல் இரண்டு நாள்கள் அதனைச் சரிசெய்வதிலேயே கழிந்தன. இறுதியில், “மூன்று நாள்தானே பாடம் நடந்தது” என்று கட்டணத்தைக் குறைத்தார்கள். குறைத்த தொகையும் எட்டு மாதம் கழித்தே வந்தது. இடையில் மகளின் பள்ளிக் கட்டணத்திற்காக மனைவியின் சங்கிலி அடகுக்குச் சென்றது.

நான் பணம் கேட்டு மூன்றாம் முறை புறப்பட்டபோது, என் தாயார், “படிப்புச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் காசுக்கு நடப்பது நமக்கு அழகா?” என்று கேட்டார். அடகைவிட அந்தச் சொல்தான் என்னை வருத்தியது.

அவர் கேட்டதில் ஒரு மரபு இருக்கிறது. உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றுடன் சாத்திர தானத்தையும் நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றி வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் தானம் வேறு, பிழைப்பு வேறு. நம் முன்னோர் உழவர்கள். களத்தில் நெல்லை அளந்தே விற்றார்கள். அளந்த பிறகு தம் பங்கிலிருந்து தானம் செய்தார்கள். அளவே இல்லாமல் கொடுத்துவிட்டுப் பிறகு மனத்தாங்கல் கொள்வது தானமும் ஆகாது, வணிகமும் ஆகாது.

இந்தத் தெளிவு எனக்குச் சித்தன்னவாசலில்தான் பிறந்தது. அங்கே மலை மேலுள்ள ஏழடிப்பாட்டத்தில், நம் துறவியர் துயின்ற கற்படுக்கைகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றுள் ஒன்றில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு உள்ளது. படுக்கை எவருக்காக, அவர் பிறந்த ஊர் எது, அமைத்துக் கொடுத்தவர் யார் என்பதை அது கூறுகிறது. கீழே அறிவர் கோயிலில், ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மண்டபத்தைப் புதுப்பித்து முன்மண்டபத்தையும் எடுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று மற்றொரு கல்வெட்டு சொல்கிறது. எவர், எவருக்காக, எந்தப் பணியைச் செய்தார் என்பதை எழுதி வைப்பதை அறப்பணியிலேயே நம்மவர் இழிவாகக் கருதவில்லை. அவர்கள் கல்லில் எழுதினார்கள். நான் ஒரு தாளில்கூட எழுதி வாங்கவில்லை!

அன்று முதல், ஒரு பக்க ஒப்புதல் கடிதம் இல்லாமல் நான் பேருந்து ஏறுவதில்லை. பாடத்தின் எல்லை, நாள்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், மாணவர் எண்ணிக்கை, கணினிகளையும் மின்சாரத்தையும் ஆயத்தம் செய்வது யார் பொறுப்பு, பயணமும் தங்குமிடமும் யார் செலவு, கடைசி நேரத்தில் பயிற்சி கைவிடப்பட்டால் என்ன ஈடு, பணம் எத்தனை நாளில் வரும் ஆகியவை அதில் இருக்கும். பொழுது சாயுமுன் நான் உண்ண வேண்டும் என்பதால், காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை நான்கரைக்கு முடிப்பேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். முன்பெல்லாம் கூச்சத்தால் சொல்லாமல் இருந்து, பல இரவுகள் பட்டினி கிடந்திருக்கிறேன். முன்கூட்டியே சொன்னால் எவரும் மறுப்பதில்லை.

பணத்தைப் பற்றிச் சில நடைமுறைச் செய்திகள். உத்யம் தளத்தில் கட்டணமின்றிக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வேலையை ஏற்குமுன்பே அதனைச் செய்வது நலம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கலாகாது. தாமதித்தால் வட்டி உண்டு. முறையிட மன்றமும் உண்டு. நிறுவனங்கள் கட்டணத்தில் பொதுவாக 10 விழுக்காட்டை வரியாகப் பிடிப்பார்கள். அது தொலைந்த பணம் அன்று; கணக்கைத் தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் கழியும், மிகுந்தால் திரும்பும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைக் கடந்தால் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு கட்டாயம்.

வரவில்லாத மாதங்களும் வரும். கல்லூரிகளில் தேர்வும் விடுமுறையும் தொடரும் காலத்தில் எனக்கு அழைப்புகள் அருகிவிடும். துறவியர் மழைக்காலம் நான்கு மாதமும் நடையை நிறுத்தி ஓரிடத்தில் தங்கிக் கற்பதை எண்ணி, நானும் அந்த நாள்களைப் புதியன கற்பதற்கு ஒதுக்கினேன். ஆனால் அதற்குப் பொருள் வேண்டும். ஆறு மாத வீட்டுச் செலவைச் சேர்த்து வைக்காமல், மருத்துவக் காப்பீடு எடுக்காமல், எவரும் சம்பள வேலையை விடாதீர்கள்.

கருவி இல்லாத இடத்திலும் கற்பிக்க ஆயத்தமாக இருங்கள். 1990களின் தொடக்கத்தில் இதே புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. பெண்களுக்கான மிதிவண்டிகள் போதாமற்போகவே, ஆண்களின் வண்டியிலேயே ஏறிப் பழகினார்கள். நானும் இன்று மென்பொருள் நிறுவிய இரு மடிக்கணினிகளையும், மின்சாரம் நின்றாலும் நடத்தத்தக்க தாள் பயிற்சிகளையும் உடன் கொண்டு செல்கிறேன். அறிவொளியின் தொண்டர்கள் ஊதியம் கருதாது கற்பித்தவர்கள். அது தாமே விரும்பி ஏற்ற தொண்டு. ஒருவர் விரும்பிக் கொடுப்பதும், கொடுக்கும்படி அவரை ஏமாற்றுவதும் ஒன்றல்ல.

ஆதலால் நான் ஆண்டுக்குப் பத்து நாள் ஊர்ப்புற மாணவர்க்குக் கட்டணமின்றிக் கற்பிக்கிறேன். அது தானம் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். மற்ற நாள்களுக்குக் கட்டணச் சீட்டு உண்டு.

இறுதியாகப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இத்தொழிலில் இருக்கும் உங்கள் மகனோ மகளோ பகலில் வீட்டில் இருந்தால், வேலையற்று இருப்பதாக எண்ணாதீர்கள். ஒரு நாள் பாடத்திற்குப் பின்னால் பல நாள் ஆயத்தம் இருக்கிறது. அவர்கள் தம் உழைப்புக்கு உரியதைக் கேட்கும்போது, அதனைப் பேராசை என்றும் சொல்லாதீர்கள்.

என் தாயாருக்கு இப்போது எண்பது அகவை. நான் பையை எடுத்ததும் அவர் கேட்பது ஒன்றே: “எழுதி வாங்கிவிட்டாயா அப்பா?”