தேவாலாப் பொன்
(சங்கத்தின் மாதக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



விடுமுறையில் நீலகிரிக்குச் செல்லும் நம் இளைஞர் சிலர், கூடலூருக்கு அப்பாலுள்ள தேவாலா, பந்தலூர் ஓடைகளில் தட்டேந்திப் பொன்னரிக்க ஆசைகொள்கின்றனர். அதுபற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

பொன் நீரினும் 19 மடங்கு கனமுடையது; மணலோ ஏறக்குறைய 2½ மடங்கே. ஆதலின் தட்டை நீரிற் சுழற்றினால் மணல் வழிந்தோட, பொற்றுகள் அடியில் நிற்கும். பொழுதுபோக்கிற்கு இது இனியதே. ஆயினும் அரசாங்க உத்தரவின்றிக் காட்டினுட் புகுவதும் தோண்டுவதும் குற்றமாகும்.

1879இல் அரசாங்கத்தார் ஆஸ்திரேலியாவினின்று பிரோ ஸ்மித் என்னும் நிபுணரை இவ்விடம் ஆராய வரவழைத்தனர். அதன்பின் லண்டனிற் கம்பெனிகள் மழைக்காளான்போல் முளைத்தன. காப்பித் தோட்டங்கள் பெருவிலைக்கு விற்கப்பட்டன. பொன் எவ்வளவு கிடைக்குமென்று தெளியுமுன்னரே பங்குப்பணம் நிலத்திலும் இயந்திரத்திலும் கரைந்தது. சில ஆண்டுகளில் யாவும் கவிழ்ந்தன. எஞ்சியவை சுரங்கக் குழிகளே.

அக்குழிகளிற் களவாய் இறங்கி உயிரிழந்தோர் உண்டு. பொன்னைப் பிரிக்கப் பாதரசத்தைக் காய்ச்சுவோர் அதன் ஆவியால் நரம்பு கெடுவர்.

பனியன் தொழில் மந்தமாகுங்கால், "பொன் கிடைக்கும், பங்கு சேருங்கள்" என்று எவரேனும் அழைக்கக்கூடும். நூலைச் சோதியாது வாங்குவார் நம்மில் ஒருவருமிலர். பொன்னென்றவுடன் மட்டும் சோதனையை மறப்பது தகுமோ? தாய்மார்களே, வீட்டு நகையை அடகு வைத்து இதில் இறங்க இசையாதீர்கள்.