கணனியின் தாளத்தைக் கூட்டியபோது
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இம்மேடையில் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்கள் நின்ற இடத்தில் நின்று, ஒரு மாணவன் தன் வீட்டுக் கணனியோடு பட்ட பாட்டைச் சொல்லப் புகுவதைப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். பேச்சின் பொருள் யாதென்று செயலாளர் கேட்டபோது "ஓவர்குளொக்கிங்" என்றேன். "அது மணிக்கூடு திருத்துகிறவன் வேலையெல்லோ?" என்றார். அவர் சொன்னது முற்றிலும் பிழையன்று.

கணனியின் மூளையென்று நாம் சொல்லும் புரொசெசருக்கு ஒரு தாளம் உண்டு. ஓர் உரலில் இரு பெண்கள் மாறி மாறி உலக்கை போட்டு மா இடிப்பதைப் பெரியோர்கள் கண்டிருப்பீர்கள். ஒருத்தியின் உலக்கை எழும்பிய பின்னரே மற்றவளின் உலக்கை விழும். தாளம் கூடினால் மா விரைவில் இடிபடும்; அளவுக்கு மிஞ்சினாலோ உலக்கையோடு உலக்கை மோதும். புரொசெசரிலும் அப்படியே. ஒரு தாளத்தில் தொடங்கிய கணக்கு அடுத்த தாளம் விழுமுன் முடிந்திருக்க வேண்டும். என்னிடமிருப்பது இன்ரெல் நிறுவனம் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட கோர் ஐ5-2500கே என்பது. அதன் சாதாரண வேகம் 3.3 கிகாஹேட்ஸ், அதாவது செக்கனுக்கு 330 கோடி தாளம். இரு தாளங்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் ஒளிகூட ஒன்பது சென்ரிமீற்றர்தான் செல்லும்.

இதனை எவ்வாறு மேலும் கூட்டலாம் என்று கேட்பீர்கள். ஒரே தொழிற்சாலையிற் பிறந்தாலும் புரொசெசர்கள் எல்லாம் ஒரே தரமானவையல்ல. செய்பவர்கள் அவற்றைச் சோதித்து, புழுக்கமான அறையிலும் பிசகாது ஓடக்கூடிய வேகத்தையே மேலே பொறிக்கிறார்கள். ஆகையால் பலவற்றில் வெளியே தெரியாத சக்தி மிச்சமிருக்கும். 1984இல் வந்த ஐபிஎம் ஏரி கணனி 6 மெகாஹேட்ஸ் வேகமுடையது; அதிலிருந்த பளிங்கைக் கழற்றி வேறொன்றைப் பூட்டி 8 ஆக்கினார்கள் அக்காலத்து ஆர்வலர்கள். 1998இல் வந்த செலரொன் 300ஏ என்ற மலிவான புரொசெசரை 300 மெகாஹேட்ஸிலிருந்து 450க்கு உயர்த்தியதை இன்றும் சிலர் பழைய கிரிக்கெற் ஆட்டத்தைப் போல வர்ணிப்பார்கள்.

என்னுடையதில் பளிங்கைக் கழற்றத் தேவையில்லை. அடிப்படைத் தாளம் 100 மெகாஹேட்ஸ். அதனை 33 என்ற எண்ணாற் பெருக்கியே 3.3 வருகிறது. பெயரின் ஈற்றிலுள்ள "கே" என்னும் எழுத்து, அப்பெருக்கெண்ணை நாம் மாற்றலாம் என்பதற்கு அடையாளம். தாய்ப்பலகையும் அதற்கு இடங்கொடுப்பதாக இருக்கவேண்டும். இரண்டுமே, அண்ணர் படிப்புக்கென்று அனுப்பிய பணத்திற் கொழும்பிலே வாங்கிய பழைய சாமான்கள். அந்தக் கணனியிலேதான் தங்கையும் பாடம் படித்தாள். இது கெட்டால் வேறு இல்லை.

ஒரு சனிக்கிழமை இரவு, எல்லோரும் படுத்தபின் பயோஸைத் திறந்தேன். 33ஐ 38 ஆக்கினேன். ஓடியது. பின்பு 40. அதுவும் ஓடியது. ஆனால் பிரைம்95 என்னும் சோதனையைக் கொடுத்ததும் வெப்பம் 84 பாகைக்கு ஏறிவிட்டது. சித்திரை மாதம், அறையே 32 பாகை. காற்றாலே குளிர்விக்கும் எதுவும் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்காது. குளிர்நாட்டுக்காரர் எழுதும் எண்களை நம் ஊரில் அப்படியே எதிர்பார்க்கக் கூடாதென்று அன்றுதான் அறிந்தேன். இரண்டு மாதம் பொறுத்து, கோபுரம் போன்ற பெரிய குளிர்விப்பான் ஒன்று வாங்கிப் பூட்டினேன்.

மறுமுறை 44க்குப் போனேன். திரை கறுத்தது; கணனி எழும்பவேயில்லை. விடிந்தால் தங்கை பரீட்சைக் குறிப்பைத் திறக்க வேண்டும். என் கை நடுங்கியதை இங்கே மறைக்கப் போவதில்லை. பின்பு மின்சாரத்தை நிறுத்தி, தாய்ப்பலகையிலிருந்த நாணயம் போன்ற பற்றரியைக் கழற்றிச் சிறிது நேரம் வைத்துப் பூட்டினேன். பயோஸ் தான் பிறந்தபோதிருந்த நிலைக்குத் திரும்பிற்று. தாளம் விரையும்போது திரான்சிற்றர்களும் விரைந்து மாறவேண்டும். அதற்கு வோல்ற்றளவைச் சற்றே கூட்ட வேண்டும். 1.2இலிருந்து 1.32 ஆக்கியதும் 44 நின்றது.

அப்பா ஒரு கேள்வி கேட்டார். "வேலை சுறுக்காய் முடிஞ்சால் கரண்ட் பில் குறையுமோ?" ஆமென்று சொல்ல வாயெடுத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். வலு, வேகத்தின் விகிதத்திலும் வோல்ற்றளவின் வர்க்கத்தின் விகிதத்திலும் கூடும். வேகம் 1.33 மடங்கு, வோல்ற்றளவின் வர்க்கம் 1.21 மடங்கு, பெருக்கினால் ஏறத்தாழ 1.6. நேரமோ முக்காற் பங்காகத்தான் குறைகிறது. ஆக, அதே வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். அப்பா ஒன்றும் சொல்லாமல் பத்திரிகையை விரித்தார்.

44 போதாதென்று, வோல்ற்றளவைத் தொடாமலே 46 ஆக்கினேன். ஒரு மணி நேரச் சோதனையில் தவறவில்லை. இரவு முழுவதும் சோதிக்க வேண்டுமென்று படித்திருந்தும், போதும் என்று விட்டுவிட்டேன். அந்நாட்களில் நானும் நண்பனொருவனும் சேர்ந்து பௌதிகச் செயற்றிட்டமொன்று செய்துகொண்டிருந்தோம். எழுமாற்று எண்களை வைத்துச் செய்யும் கணிப்பு; 18 வரிசைகள். தொடக்க எண் ஒன்றேயானால், எத்தனை முறை ஓட்டினாலும் கடைசித் தசமதானம்வரை ஒரே விடை வரவேண்டும். அட்டவணையை நண்பனிடம் கொடுத்தேன். அவன் வரைபு கீறி விரிவுரையாளரிடம் கையளித்தான்.

ஏழாம் புள்ளி மற்றவற்றோடு சேராமல் மேலே நின்றது. அவர் அதனை ரசித்துவிட்டார். புதிதாக ஏதோ இருக்கலாமென்று காரணம் ஆராயச் சொன்னார். வீட்டுக்கு வந்து அந்த வரிசையை மீண்டும் ஓட்டினேன். வேறு விடை. மூன்றாம் முறை இன்னொரு விடை. கணனி ஒருமுறையேனும் நிற்கவில்லை, திரை கறுக்கவில்லை, ஒரு எச்சரிக்கை காட்டவில்லை. அழகாக, வேகமாக, பொய் சொல்லிற்று. திரை கறுத்த இரவில் வந்த பயம் இதன் முன் ஒன்றுமில்லை.

நண்பனிடம் சொல்வதா என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். சொன்னேன். அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவன் பெயரும் அந்தத் தாளில் இருந்ததல்லவா? பின்பு இருவரும் விரிவுரையாளரிடம் போனோம். அவர் வரைபை எடுத்து ஏழாம் புள்ளியின்மேற் பெரிதாக ஒரு குறுக்குக் கோடு போட்டு, "மற்றப் பதினேழும் சரியென்று எப்படித் தெரியும்?" என்றார். எங்களிடம் மறுமொழி இல்லை. ஒரு வாரம் தவணை தந்தார்.

பெருக்கெண்ணை 33க்கு இறக்கிப் பதினெட்டையும் ஒவ்வொன்றும் இருமுறை ஓட்டினேன். ஐந்து இரவுகள் சென்றன. முதல் அட்டவணையில் ஏழாவதோடு பன்னிரண்டாவதும் பிழையாயிருந்தது. அது வரைபிற் பார்க்க மிக ஒழுங்காகவே நின்ற புள்ளி.

இப்போது 42இல் வைத்திருக்கிறேன். மூன்று இரவு சோதித்த பின். செயற்றிட்டக் கணிப்பென்றால் 33க்கு இறக்கிவிட்டே தொடங்குகிறேன். தங்கைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.