ஊர் கூடிப் பார்க்கும் தண்ணீர்க் கணக்கு



பருவநிலை மாற்றம் என்றவுடன் உருகும் பனிமலைகளையும் உயரும் கடலையும் எடுத்துரைப்பது வழக்கமாகிவிட்டது. நாம் இன்று அவ்வளவு தூரம் செல்லப் போவதில்லை. மராட்டிய மாநிலத்தில், அகமதுநகர் என்று நெடுங்காலம் வழங்கி இப்போது அகில்யாநகர் எனப் பெயர் மாறிய மாவட்டத்தில் உள்ள ஹிவரே பஜார் என்னும் சிற்றூரைப் பற்றியே கூற விழைகின்றோம்.

அது மழை மறைவுப் பகுதி. ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 400 மில்லிமீட்டர். அதுவும் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும். மொட்டையாகிப்போன குன்றுகளிலிருந்து வெள்ளம் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும். நிலத்தடியில் இருப்பதோ எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. அதன் சிதைந்த மேலடுக்கிலும் வெடிப்புகளிலுமே நீர் தங்கும். 1972ஆம் ஆண்டுப் பஞ்சத்திற்குப் பின் பல குடும்பங்கள் கூலி தேடி ஊரைவிட்டே போயின.

1989இல் பொபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரானார். குன்றுச் சரிவுகளில் ஓடும் நீரை மறிக்கக் குறுக்கே அகழிகள் வெட்டப்பட்டன. தடுப்பணைகளும் கசிவுநீர்க் குட்டைகளும் எழுந்தன. மரம் வெட்டுவதற்கும் கால்நடைகளைக் கண்டபடி மேயவிடுவதற்கும் தடை வந்தது. ஊரார் உடலுழைப்பையும் கொடையாக அளித்தனர். கிணறுகளில் நீர் ஊறியது.

இத்துடன் நின்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? வசதி படைத்தவர் ஆழ்துளைக் கிணறு தோண்டி, ஊறிய நீர் அனைத்தையும் உறிஞ்சியிருப்பார். முதலில் வற்றுவது ஏழையின் ஆழமற்ற கிணறுதான். ஆகவே பாசனத்திற்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்றும், கரும்பும் வாழையும் பயிரிடலாகாது என்றும் ஊர் கூடி முடிவு செய்தது. தடுப்பணை கட்டுவதைவிட இதுவே கடினமான வேலை என்பது நமது எண்ணம்.

2004 முதல் ஆண்டுதோறும் மழையளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் அளந்து கிராம சபையில் கணக்கு வைக்கின்றனர். (பணத்தை எண்ணாமல் செலவழிப்போரைக் குறைகூறும் நாம், கிணற்று நீரை என்றேனும் எண்ணியதுண்டா?) மனிதர்க்கும் கால்நடைக்கும் குடிநீர் முதலில் ஒதுக்கப்படும், எஞ்சியதே பயிருக்கு.

1995இல் அங்கு வறுமைக்கோட்டின்கீழ் 168 குடும்பங்கள் இருந்தன. பின்னாளில் அத்தொகை ஒற்றை இலக்கமாகச் சுருங்கியது. வெளியேறியவர்களில் பலர் திரும்பி வந்தனர். மழை பொய்க்கும் ஆண்டுகள் இன்றும் வரத்தான் செய்கின்றன. அவ்வாண்டில் நீர் மிகுதியாகக் குடிக்கும் பயிரின் பரப்பை, நிலம் உடையவர் எவராயினும், குறைத்துக்கொள்கின்றனர்.