எடைக்குப் போட்ட செல்வம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புலவர் பெருமக்கள் பேசி அமர்ந்த இம்மேடையில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் பதிவேடு எழுதும் குமாஸ்தாவாகிய நாம் பேச எழுந்தது துணிவான செயலே. இலக்கியம் பேசும் தகுதி நமக்கில்லை. ஆனால் பழைய கடையைப் பற்றிப் பேசும் தகுதி உண்டு. விடுமுறை நாட்களில் பாளையத்துப் பழைய புத்தகக் கடைகளிலும், சாலைக் கடைத்தெருவின் பழைய பாத்திரக் கடைகளிலும் இருபது ஆண்டுகள் அலைந்து பெற்ற தகுதி அது.

பழைய கடையில் ஒரு பொருளுக்கு இரண்டு கணக்கு உண்டு. விலை என்பது ஒன்று. மதிப்பு என்பது மற்றொன்று. விலையைக் கடைக்காரர் சொல்லுவார். மதிப்பை அறிந்தவன் மட்டுமே காண்பான். உரியவர் வந்து கேளாத பொருள்களைக் குறித்த காலம் வரை வைத்திருந்து, பின்பு ஏலம் விடுவது ரயில்வேயில் வழக்கம். ஏலம் கேட்க வருவோர் பெட்டியின் பூட்டைப் பார்ப்பர். தகரத்தின் கனத்தைத் தட்டிப் பார்ப்பர். உள்ளே கிடக்கும் காகிதத்தை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. உலகில் உள்ள புதையல்களிற் பல, இவ்வாறு பெட்டிக்கு விலை பேசப்பட்டுக் காகிதமாக வெளியே எறியப்பட்டவையே.

உ. வே. சாமிநாத ஐயர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிய வரலாற்றை இங்குள்ளோர் அனைவரும் அறிவர். ஆதலின் அதனை விரித்துரைக்கவில்லை. நமது ஊரோடு தொடர்புடைய மற்றொருவரை நினைவூட்டுகிறோம். திருநெல்வேலிச் சீமையிலுள்ள தருவையில் 1860இல் பிறந்து, நம்மைப் போலவே பிழைப்பை நாடித் திருவனந்தபுரம் வந்த தமிழர் த. கணபதி சாஸ்திரியார். திருவிதாங்கூர் அரசு வடமொழிச் சுவடிகளைப் பதிப்பிக்க 1908இல் ஒரு துறையை நிறுவி, அவரை அதன் தலைவராக்கியது. அடுத்த ஆண்டளவில், பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் ஒரு மடத்தில் மலையாள எழுத்தில் எழுதிய ஓலைக்கட்டு ஒன்று அவர் கைக்கு வந்தது. பத்து நாடகங்களும் பதினோராவது நாடகத்தின் ஒரு பகுதியும் அதில் இருந்தன. காளிதாசனே போற்றிய, பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்த பாஸன் என்னும் நாடகாசிரியரின் படைப்புகள் அவை என்று அவர் துணிந்தார். 1912 முதல் அவை அச்சேறின. பாஸனுடையவைதாமா என்று அறிஞரிடையே வாதம் எழுந்தது. இன்றும் அது முடியவில்லை. எனினும் அந்நூல்கள் உலகறியக் கிடைத்தன என்பதில் வாதமில்லை. அவ்வோலைகள் அந்த மடத்தில் புதிதாக முளைத்தவை அல்ல. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தன. படிக்கத் தெரிந்த கண்ணே புதிதாக வந்தது.

அவர் அரசின் ஆதரவு பெற்றவர். நம்மனோர்க்கு அது கிட்டுமோ என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக ரோஜா முத்தையா அவர்களைச் சொல்லுகிறோம். காரைக்குடியை அடுத்த கோட்டையூர்க்காரர் அவர். சென்னையில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஓவியர். பெரும் படிப்போ பெருஞ் செல்வமோ இல்லாதவர். சென்னை சென்ட்ரல் நிலையத்தின் அருகே இருந்த மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளே அவருடைய கல்லூரி. அந்த மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. முத்தையா அவர்கள் நூல்களை மட்டும் சேர்க்கவில்லை. நாடக விளம்பரம், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ், பழைய பத்திரிகை என்று பிறர் கசக்கி எறிந்தவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக் கழகம் அவற்றை விலை கொடுத்துப் பெற்றது. அவை தமிழ்நாட்டை விட்டு நீங்காமல், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைத்து நிற்கின்றன. எடைக்குப் போட வேண்டிய குப்பை என்று எண்ணப்பட்டதைத் தேடி, இன்று அறிஞர்கள் கடல் கடந்து வருகிறார்கள்.

இனி, நம் ஊர்ப் பழைய பொருள்களில் எதை எவ்வாறு பார்ப்பது என்பதைச் சுருங்கச் சொல்லுவோம்.

புத்தகமாயின் அட்டையைப் பார்த்து மயங்க வேண்டா. முகப்பேட்டையும் கடைசி ஏட்டையும் பாருங்கள். அச்சிட்ட ஆண்டும், அச்சகத்தின் பெயரும், முன்னர் வைத்திருந்தவரின் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். இங்குள்ள பழைய ஏடுகளிலும் ஜாதகங்களிலும் பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டே காணப்படும். அதனோடு 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை ஆயின் 824ஐக் கூட்டவேண்டும். கொல்லம் 1100 என்பது 1924-25 ஆகும். தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் எழுதியிருந்தால் எச்சரிக்கை வேண்டும். அறுபது ஆண்டுக்கொரு முறை அப்பெயரே திரும்பி வரும்.

பாட்டியின் செம்பில் கிடக்கும் சிறு நாணயங்களை எண்ணிப் பாருங்கள். பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்பது திருவிதாங்கூர்க் கணக்கு. சங்கு பொறித்த அஞ்சல் தலைகள் 1888 முதல் இங்கு வழங்கின. திருவிதாங்கூர் அஞ்சல் 1951இல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. அத்தலைகள் பழைய உறைகளில் ஒட்டியிருந்தால் கத்தரிக்க வேண்டா. உறையும் முத்திரையும் சேர்ந்திருந்தாலே பெருமதிப்பு.

வெண்கல உருளியை விரலால் சுண்டிப் பாருங்கள். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த நல்ல வார்ப்பு மணிபோல் ஒலித்து நிற்கும். விரிசல் கண்டது அடைத்த குரலில் பேசும். அடுத்து, சுவரில் மங்கித் தொங்கும் இலக்குமி, சரசுவதி படங்களின் அடிவிளிம்பைத் துடைத்துப் படியுங்கள். நமக்கு அண்மையிலுள்ள கிளிமானூரில் 1848இல் பிறந்த ரவிவர்மா, 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவி வெளியிட்ட படங்கள் இன்றும் பழைய வீடுகளில் கிடைக்கின்றன.

காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில் பழம்பொருட் கடைகள் வரிசையாக உள்ளன. செட்டிநாட்டு மாளிகைகள் பங்கு பிரிந்தபோது வெளிவந்த தேக்குத் தூண்களும், நிலைக் கதவுகளும், எனாமல் பாத்திரங்களும் அங்கே விற்பனையாகின்றன. கண்டு வியந்தோம், ஆயினும் ஓர் எண்ணம் உறுத்தியது. நல்ல பழைய கடை ஒவ்வொன்றின் பின்னும், கலைந்துபோன ஒரு வீடு நிற்கிறது. நமது காலனியிலும் வீடுகள் கலைகின்றன. பெரியவர் மறைகிறார், பிள்ளைகள் பெங்களூரிலோ அயல்நாட்டிலோ இருக்கிறார்கள், பத்து நாள் விடுப்பில் வந்து வீட்டை ஒழிக்கிறார்கள். தமிழ்ப் புத்தகங்கள் சாக்கில் ஏறுகின்றன.

சென்ற ஆண்டு பாளையத்தில் மேலட்டை இழந்த பழைய வைத்திய நூல் ஒன்றை முப்பது ரூபாய்க்கு வாங்கினோம். கடைசி ஏடுகளில் ஒரு தகப்பனார் தம் குழந்தைகள் அறுவரின் பிறந்த நாளையும் நாழிகையையும், கொல்லம் 1103 முதல் 1117 வரை, மையால் குறித்திருந்தார். முதல் ஏட்டில் கரமனை முகவரி இருந்தது. கேட்டுக் கேட்டு அக்குடும்பத்தைக் கண்டுபிடித்தோம். இந்நகரிலேயே ஓர் அடுக்கு மாடியில் இருந்தார்கள். வீட்டு வாசலுக்கு வந்த பேரனார், "வீடு மாறியபோது எடைக்குப் போட்டோம், சார். எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நீங்களே படியுங்கள்" என்றார். படித்தோம். நான்காவது பெண் குழந்தை நாற்பது நாளே வாழ்ந்தாள் என்றும், அவளுடைய பெயரும் எழுதியிருந்தன. உள்ளே கட்டிலில் இருந்த மூதாட்டி, அறுவரில் கடைசியாகப் பிறந்தவர், கையமர்த்தினார். "எனக்கு முன்னால் ஓர் அக்காள் இறந்தாள் என்று தெரியும். அம்மா அவள் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. இன்னொரு தரம் வாசியுங்கள்" என்றார். பேரனார் ஆயிரம் ரூபாயை நீட்டினார். முப்பதைப் பெற்றுக்கொண்டோம்.

இங்கே அறம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடை வைத்து வாணிகம் செய்பவரிடம் பேரம் பேசுவதில் பிழையில்லை. அது அவர் தொழில், அவர் தேர்வு. ஆனால் கணவனை இழந்த ஒரு தாய் அறியாமல் வெண்கலத்தைப் பழைய இரும்பின் விலைக்குத் தர முன்வந்தால், அறிந்தவன் வாய் திறந்து உண்மை விலையைச் சொல்லக் கடமைப்பட்டவன். நம் அறிவு அயலாரை ஏமாற்றும் கருவியாகலாகாது. சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருள்களும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளும் தொல்பொருள்கள். அவற்றை வாணிகம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் அயல்நாட்டிற்கு அனுப்பலாகாது. பழைய விக்கிரகத்தை மலிவாகத் தருவதாக எவரேனும் சொன்னால், அது எந்தக் கோவிலின் கண்ணீரோ என்று அஞ்சி விலகுங்கள்.

சங்கத்தாருக்கும் தாய்மார்களுக்கும் நமது விண்ணப்பங்கள் மூன்று. வீட்டை ஒழிக்கும்போது காகிதக்காரரை அழைக்கும் முன் ஒரு நாள் பொறுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து ஏடுகளைப் புரட்டச் செய்யுங்கள். நம்மை அழைத்தாலும் பணி முடிந்து வருவோம். வைத்துக்கொள்ள இடமில்லாத தமிழ் நூல்களுக்குச் சங்க அறையில் ஓர் அலமாரி வையுங்கள். ஓலைச்சுவடி கிடைத்தால் காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக் கழகச் சுவடி நூலகத்தாரிடம் காட்டுங்கள்.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. நம் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுங்கள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயிலட்டும். அவை சோறு போடும். பாட்டனார் எழுதி வைத்ததைப் படிக்க அயலானை அழைக்கும் நிலை மட்டும் அவர்களுக்கு வரவேண்டா. படிக்கத் தெரியாத வீட்டில் பொன்னேடும் பழைய காகிதமே. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்பதே அதன் விலை.