கடல் கடந்து வந்தவர்களும் நம் தெருக் குழந்தைகளும்



சென்ற மாதம் நம் பழைய மாணவர் ஒருவர் எம் இல்லத்திற்கு வந்தார். வெளிநாட்டுத் தொண்டுப் பயணக் குழு ஒன்றில் சேர்ந்து, மாற்றுத்திறனுடைய குழந்தைகள் இல்லத்தில் மூன்று வாரம் பணிபுரியப் போவதாகக் கூறி, நன்னடத்தைச் சான்று கேட்டார். மகிழ்வுடன் எழுதிக் கொடுத்தோம். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்குப் போனது கூலிகளாக. அவர்கள் வழிவந்த பிள்ளை தொண்டராகக் கடல் கடக்கிறான் என்பது நமக்குச் சிறிய செய்தியன்று.

ஆயினும் அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்ல விரும்புகிறோம்.

நம் நாட்டிற்கு அவ்வாறு கடல் கடந்து வந்தவர்கள் உண்டு. 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினார். அதே பத்தாண்டில் அதே ஊரில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காதுகேளாதோர்க்குப் பள்ளி கண்டார். இரண்டும் இன்றும் நடைபெறுகின்றன. அவர்களை அனுப்பியது கிறித்தவ மிஷன். சமயத்தைப் பற்றிப் பேச நாம் இங்கு வரவில்லை. அவர்கள் மூன்று வாரத்தில் திரும்பிச் சென்றவர்கள் அல்லர் என்பதே நமக்கு வேண்டிய செய்தி. பிரெயில் முறையில் ஆறு புள்ளிகளால் கிடைக்கும் குறிகள் 63. நம் எழுத்துகளோ 247. மெய்க்கு ஒரு குறி, அதனை அடுத்து உயிர்க்கு ஒரு குறி என்று பிரித்து எழுதித்தான் இன்று நம் குழந்தைகள் விரலால் தமிழ் படிக்கிறார்கள். இத்தகைய வேலை இனிப்புப் பொட்டலம் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களால் நடப்பதன்று.

இனி எம் குறையைச் சொல்ல வேண்டும்.

2014 ஜூன் மாதம். நம் இனத்தைச் சேர்ந்த நடவாள் ஒருத்தி, ஆறு வயது மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நாம் அப்போது பணியாற்றிய பள்ளிக்கு வந்தாள். மூளை முடக்குவாதத்தால் அவனுக்குக் கழுத்து நிற்கவில்லை. "இங்கே இவனைப் பார்க்க ஆள் இல்லை, தாயே, வேறு எங்கேனும் சேர்த்துப் பாருங்கள்" என்றோம். அவள் மறுசொல் சொல்லவில்லை, போய்விட்டாள். 1995ஆம் ஆண்டுச் சட்டமும், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் அப்போதே நடைமுறையில் இருந்தன. இரண்டையும் படித்திருந்தோம். ஊர்ப் பள்ளியில் இடமில்லை என்று நம் முன்னோரிடம் சொன்னவர்களைப் பற்றி மேடைதோறும் பேசிய நாமே, அதே சொல்லை அவளிடம் சொன்னோம். அடுத்த தாளடி நடவில் அவளைக் கண்டோம். வரப்போரப் புளிய நிழலில் சாக்கு விரித்து அவனைப் படுக்க வைத்திருந்தாள். ஈ மொய்க்காமல் இருக்க முகத்தில் ஒரு துணி. அவனைப் பள்ளிப் பதிவேட்டில் சேர்த்தோம். ஆனால் அது அடுத்த ஆண்டில்தான்.

அவனிடமிருந்து நாம் கற்றவை சில. படுத்த நிலையில் அவனுக்கு உணவு ஊட்டக்கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் சற்றே தாழ்ந்திருக்க, சிறு கரண்டியால் ஊட்ட வேண்டும். முன் வாய் விழுங்கியாயிற்றா என்று பார்த்த பின்பே அடுத்த வாய். ஒரு கிண்ணம் சோற்றுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் அருகிருந்து காட்டிக் கொடுத்த பின்பும் எம் கை பல நாள் தடுமாறியது. பார்வையற்ற பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையை நீட்டுங்கள். காது கேளாத பிள்ளையிடம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். ஆசிரியர்களாகிய நாமே அதிகம் செய்யும் பிழை அது.

2016ஆம் ஆண்டுச் சட்டம், முன்பு ஏழாக இருந்த ஊன வகைகளை 21 ஆக்கியது. நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத ஊனமுடைய குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. ஆனால் அந்த விழுக்காட்டைக் குறிக்கும் சான்று வேண்டும். அதற்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்தேற வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். ஒரு நாள் கூலி போகும். மருத்துவர் இல்லையென்றால் மறுநாள் கூலியும் போகும். சாதிச் சான்றுக்கு ஒருமுறை நடந்து ஓய்ந்த தாய், இதற்கும் நடக்க வேண்டும். நடவுக் காலத்தில் எந்தத் தாய் போவாள்?

அந்த மாணவர் வெளிநாடு செல்வதை நாம் தடுக்கவில்லை. போய்வரட்டும், அங்கே சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் எவ்வாறு அமைக்கிறார்கள் என்பதை அளந்து எழுதிக்கொண்டு வரட்டும். நம் சங்கக் கட்டடத்தின் வாயிலில் மூன்று படிகள் உள்ளன. இருபத்தைந்து ஆண்டுகளாக அவற்றில் ஏறி இறங்கும் நமக்கு அவை கண்ணில் படவில்லை. இன்று விழாவிற்கு வந்த ஒரு சிறுமியை அவள் தந்தை தோளில் சுமந்து ஏற்றியபோதுதான் பட்டன.

நம் தெருக்களில் இன்னும் சான்று பெறாத குழந்தைகள் ஐவர் என்று கணக்கெடுத்திருக்கிறோம். வருகிற புதன்கிழமை முகாம் நாள். காலை ஆறு மணிக்கு வண்டி புறப்படும். ஒரு குழந்தைக்கு இருவர் வீதம் பத்து இளைஞர்கள் வேண்டும். நூலக அறை மேசையில் நோட்டு இருக்கிறது. முதல் வரியில் எம் பெயரை எழுதி வைத்திருக்கிறோம்.